நூலும் கூலியும்

மலாக்கா நகரில் கெபாயா விற்கும் கடைகளில், சில சட்டைகளின் ஓரத்தில் துளைத்துளையாக ஒரு மெல்லிய பின்னல் தைக்கப்பட்டிருக்கும். மலாய்மொழியில் அதனை ‘ரெண்டா’ என்பர். இன்று நாம் ‘லேஸ்’ என்று கூறினாலும், தமிழில் அதற்கு ‘ரேந்தை’ என்னும் பெயர் உண்டு. இரு சொற்களும் ஒன்றுபோல் ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அதே நூற்றாண்டில் தமிழகக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் சென்றனர். அவர்களுடைய சொல்லே இரு மொழிகளிலும் கலந்தது. மேசை, ஜன்னல், அலமாரி என்னும் தமிழ்ச் சொற்களும் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி என்னும் மலாய்ச் சொற்களும் இவ்வாறு வந்தவையே.

துணியின்மேல் ஊசியால் பூவேலை செய்வது வேறு, ரேந்தை வேறு. ரேந்தைக்கு அடித்துணி கிடையாது. நூலும் இடைவெளியும் சேர்ந்தே பூவையும் இலையையும் காட்டுகின்றன. அதனைக் கையால் செய்யப் பல வழிகள் உள்ளன. இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு சால்வை பின்னுவது அவற்றுள் ஒன்று. துளை வேண்டிய இடத்தில், பின்னுபவர் நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றுவார். அதனால் ஒரு கண்ணி கூடிவிடும். அதனை ஈடுகட்ட, அருகிலுள்ள இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவார். துளையும் விழும், கண்ணிகளின் எண்ணிக்கையும் மாறாது. இந்தக் கணக்குத் தவறினால் சால்வை ஒரு பக்கம் அகன்றோ குறுகியோ போய்விடும்.

மற்றொரு வழி திண்டுப் பின்னல். கெட்டியான ஒரு திண்டின்மேல், வடிவம் குறித்த தாளை வைப்பார்கள். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் திண்டிலிருந்து இணை இணையாகத் தொங்கும். பின்னுபவர் ஒரு நேரத்தில் நான்கு குச்சிகளைக் கையாள்வார். ஒரு நூலை மற்றொன்றின் குறுக்கே போடுவது, இரண்டு நூல்களை முறுக்குவது ஆகிய இரண்டே அசைவுகள்தாம். பின்னிய இடம் நகராமல் இருக்கக் குண்டூசியைக் குத்துவார். அசைவுகள் எளியவை. ஆனால், ஒரு விரல் அகலப் பின்னலுக்கும் அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கூர்ந்த பார்வையும் பொறுமையும் இல்லாதவர்க்கு இவ்வேலை கைகூடாது.

இந்தத் திண்டுப் பின்னல் நாகர்கோவில் பெண்களின் வாழ்வில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியது. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1819ஆம் ஆண்டில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, லண்டன் மிஷனில் பணியாற்றிய தம் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் அங்குச் சென்றார். பெண்கள் பள்ளிக்குச் செல்வது அரிதாக இருந்த அக்காலத்தில், அவர் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். எழுதப் படிக்கக் கற்ற மாணவியர் 1820களில் ரேந்தை பின்னவும் கற்றனர். அவர்கள் பின்னியவை விலைக்குப் போயின.

அம்மாணவியருள் சிலர் அடிமைகளாக இருந்தவர்கள். ரேந்தை விற்ற பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, எசமானர்களுக்குக் கொடுத்து, அவர்கள் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855ஆம் ஆண்டில்தான். அரசாணை வருவதற்கு முன்பே, அச்சிறுமியருக்கு அவர்களுடைய உழைப்பு விடுதலை தந்திருந்தது. அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மறைத்து மேலாடை அணியவும் தடை இருந்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின், 1859ஆம் ஆண்டில் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு இசைந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்னும் நிபந்தனை நீடித்தது. பிறர் உடைக்கு அழகு சேர்க்கும் பின்னல் வேலை நடந்த அதே ஊர்ப்பகுதியில்தான், பெண்கள் தம் தோளில் ஒரு துணியை அணியப் போராட வேண்டியிருந்தது.

அப்படியானால், ரேந்தை பின்னும் பெண்கள் எல்லாருக்கும் விடுதலை கிடைத்ததா? ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள நர்சாப்பூர் இதற்கு வேறொரு விடையைத் தருகிறது. அவ்வட்டாரப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் கொக்கி ஊசியால் ரேந்தை பின்னி வருகின்றனர். மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் அவர்களைப் பற்றி ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அப்பெண்கள் வீட்டு வேலைகளுக்கிடையே நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். அவர்கள் பின்னியவை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. ஆயினும், அவர்கள் பெற்ற கூலி மிகச் சொற்பம். வணிகர்களே இலாபம் ஈட்டினர். காரணம், அப்பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் கருதவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே அது எண்ணப்பட்டது.

ஒரே கலை ஓர் ஊரில் அடிமை விலங்கை உடைத்தது. மற்றோர் ஊரில் அரை வயிற்றுக் கூலியைத் தந்தது. வேறுபாடு பின்னலில் இல்லை. உழைத்தவர் கைக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்பதில்தான் இருக்கிறது. தோட்டப்புற வாழ்வை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விடியுமுன் எழுந்து சமைத்து, பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்ணுக்கு மரம் வெட்டியதற்குக் கூலி உண்டு. மாலையில் அவர் வீட்டில் செய்யும் தையலும் பின்னலும் வேலையாகவே எண்ணப்படுவதில்லை.

2024ஆம் ஆண்டில் மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தை ஏற்று, யுனெஸ்கோ கெபாயாவை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று கடைகளில் கிடைக்கும் ரேந்தையில் பெரும்பகுதி இயந்திரத்தில் தயாராவது. கையால் பின்னியது அருகிவருவதால் அதன் விலை கூடுதலாக இருக்கும். அத்தகைய ஒன்றை வாங்கும்போது பேரம் பேசுமுன், அதற்குச் சென்ற நாள்களை எண்ணிப் பார்க்கலாம். மரபைப் போற்றுவது என்பது அதனைப் பின்னும் கைகளுக்கு உரிய கூலியைக் கொடுப்பதும் ஆகும்.