ஓட்டம் நின்ற திரவம்

பழைய ஐரோப்பியத் தேவாலயச் சன்னல் கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி மெல்ல வழியும் திரவம் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அது தவறு. அக்காலத்தில் தகடுகளைச் சீரான தடிப்பில் செய்ய இயலவில்லை, அவ்வளவே. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அத்தகைய கண்ணாடி அறை வெப்பத்தில் நூறு கோடி ஆண்டுகளில் வழியும் தூரம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்தான்!

ஆயினும் அதற்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. சர்க்கரைப் பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டாகும். மூலக்கூறுகள் வரிசையாக அடுங்கிய படிகம் அது. முற்றிய பாகைச் சட்டென ஆற்றினால் மிட்டாய். அதில் மூலக்கூறுகள் திரவத்தில் இருந்தபடியே ஒழுங்கின்றி நின்றுவிடுகின்றன. மிட்டாயும் ஒரு கண்ணாடியே.

ஏன் நிற்கின்றன? குளிரக் குளிர, ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளின் கூண்டில் சிக்குகிறது. ஒன்று நகரப் பல சேர்ந்து நகரவேண்டும். (தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் நின்றவருக்கு இது எளிதில் விளங்கும்.) பாகுத்தன்மை நீரைப்போல் 1க்குப்பின் 15 சுழியங்கள் மடங்காக உயர்ந்தும், மூலக்கூறுகளின் அமைப்பு ஏறத்தாழ மாறுவதேயில்லை.

இது உண்மையான நிலைமாற்றமா, வெறும் தாமதமா? திடநிலைக் கோட்பாட்டின் மிக ஆழமான தீராப் புதிர் இதுவாகலாம் என்றார் பிலிப் ஆண்டர்சன், 1995இல். 2021இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பாரிசியும் உடன் ஆய்வாளர்களும் முடிவிலாப் பரிமாணங்களில் இக்கணக்கைத் தீர்த்துள்ளனர். நமது முப்பரிமாண உலகில் விவாதம் ஓயவில்லை.