வரைபடத்திலிருந்து தரைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டில் கார்த்தேஜ் பக்கம் நின்று ஆடி, பாதி இத்தாலியைப் பிடித்த சூட்டோடு, அந்த ஆட்டத்தைச் சரித்திரக் கதையாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். இந்த ஆசை உனக்கு மட்டும் வந்ததல்ல. 2004-இல் அந்த கேம் வெளிவந்ததிலிருந்து பல நாடுகளில் பலர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சண்டை முடிந்தபின் ராணுவத்தில் எழுதப்படும் அறிக்கையின் பெயரை இரவல் வாங்கி, ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிப்போர்ட்’ என்றே இந்த வகைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

பெயருக்கேற்ப, அவற்றில் பல அறிக்கையாகவே நின்றுவிடுகின்றன. இந்த டர்னில் இந்த ஊர் விழுந்தது, அடுத்த டர்னில் அந்தப் படை அழிந்தது என்று போகும். படிக்கிறவருக்கு மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும். கதையாகத் தேறும் சிலவற்றில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், எழுதியவர் பார்க்கும் இடத்தை மாற்றியிருப்பார். ஆடுகிறவன் ஆகாயத்தில் இருக்கிறான். அவனுக்கு மலைக்கு அந்தப்பக்கமும் தெரியும், நூறு காதம் தள்ளியிருக்கும் தன் படையின் தலைக்கணக்கும் தெரியும். கதைமாந்தர் தரையில் நிற்கிறவர்கள். அவர்களுக்கு அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அந்தத் தெரியாமையை எழுதத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஓர் உதாரணம் சரித்திரத்திலேயே இருக்கிறது. கி.மு. 207. கார்த்தேஜின் தளபதி ஹனிபால் தெற்கு இத்தாலியில் இருக்கிறான். அவன் தம்பி ஹஸ்த்ருபால் ஸ்பெயினிலிருந்து புதுப் படையோடு ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கே இறங்கிவிட்டான். இரண்டு படையும் சேர்ந்தால் ரோம் தாங்காது. விளையாட்டில் இது ஒரு பெரிய விஷயமே அல்ல. இரண்டு படையும் உன்னுடையது. ஒன்றைக் கிளிக் செய்து மற்றொன்றின் பக்கம் நகர்த்தினால் ஆயிற்று.

அன்று நடந்தது வேறு. எங்கே சந்திக்கலாம் என்று எழுதி, ஆறு குதிரைக்காரர்களிடம் ஹஸ்த்ருபால் கடிதம் கொடுத்தனுப்பினான். நாலு பேர் கால் நாட்டவர், இரண்டு பேர் நுமிடியர். எதிரிகள் நிறைந்த இத்தாலியின் நீளம் முழுவதையும் ஏறக்குறையக் கடந்துவிட்டார்கள். அதற்குள் ஹனிபால் இடம் மாறிவிட்டான். அவனைத் தேடிப் போனவர்கள் வழி தவறி டாரண்டம் பக்கம் போய், தீவனம் சேகரிக்க வந்த ரோமானியரிடம் மாட்டினார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது ஹனிபாலிடம் அல்ல, அவனுக்கு எதிரே பாளையம் போட்டிருந்த, ரோமின் இரண்டு கான்சல்களில் (தலைமை ஆட்சியாளர்களில்) ஒருவனான கிளாடியஸ் நீரோவிடம். (பிற்காலத்துச் சக்கரவர்த்தி நீரோ அல்ல, அவன் பிறக்க இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.)

நீரோ பொறுக்கியெடுத்த 6,000 காலாட்களையும் 1,000 குதிரை வீரர்களையும் கூட்டிக்கொண்டு, ஹனிபாலுக்குத் தெரியாமல் நழுவி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே விரைந்தான். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து நின்றார்கள். அங்கிருந்த இன்னொரு கான்சலான சாலினாடோரின் பாளையத்துக்குள் இரவில் நுழைந்து, புதுக் கூடாரம் எதுவும் அடிக்காமல், இருக்கிற கூடாரங்களிலேயே நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாளையம் ஓர் அடி கூடப் பெருக்கவில்லை.

ஹஸ்த்ருபால் கண்டுபிடித்தது எப்படி என்று வரலாற்றாசிரியர் லிவி சொல்வதைப் பார். எதிர் வரிசையில் அதுவரை கண்ணில் படாத பழைய கேடயங்கள் தெரிந்தன. குதிரைகள் வழக்கத்தைவிட மெலிந்திருந்தன. ஆள் அனுப்பி விசாரித்தான். எக்காளம் பிரேட்டரின் (கான்சலுக்கு அடுத்த நிலை அதிகாரியின்) பாளையத்தில் ஒருமுறையும் கான்சலின் பாளையத்தில் இரண்டு முறையும் ஊதியதாகச் சேதி வந்தது. இரண்டு முறை என்றால் இரண்டு கான்சல்கள். அப்படியானால் தெற்கே அண்ணனைக் காவல் காத்தவன் இங்கே வந்துவிட்டான். அண்ணன் என்ன ஆனான்? தோற்றுச் செத்திருப்பானோ என்று அவன் பயந்தான். உண்மையில் ஹனிபாலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கதை இங்கேதான் இருக்கிறது, தம்பி. சரியான தடயம், புத்திசாலித்தனமான கணக்கு, தவறான முடிவு. அன்றிரவே பின்வாங்கினான், வழிகாட்டிகள் ஓடிப்போனார்கள், மெட்டாரஸ் ஆற்றங்கரையில் இருட்டில் தடுமாறி, விடிந்ததும் சண்டையில் மாட்டி, மாண்டான். நீரோ ஆறாம் நாள் தன் பழைய பாளையத்தில் இருந்தான். தம்பியின் தலை தன் காவல் வரிசைக்கு முன்னால் வந்து விழுந்த பிறகே அண்ணனுக்கு நடந்தது தெரிந்தது.

உன் கேம்பெயினில் நீ நகர்த்திய ஒவ்வொரு படைக்கும் இப்படி ஒரு கேள்வி கேள்: இந்தச் சேதி இவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யார் கொண்டுபோனது? எத்தனை நாள் பழசு? வழியில் யார் கைக்குப் போனது?

அடுத்தது காலம். அந்த கேமில் ஒரு டர்ன் என்பது ஆறு மாதம், கி.மு. 270-இல் ஆரம்பித்து கோடை, குளிர் என்று மாறி மாறி வரும். நீரோவின் ஓட்டம் முழுவதும் ஒரு டர்னின் மூலையில் அடங்கிவிடும். ஆகவே டர்ன் கணக்கை அப்படியே அத்தியாயக் கணக்காக்காதே. பத்து டர்னை ஒரு பத்தியில் தாண்டலாம். ஒரு டர்னுக்குள் கிடக்கும் ஒரே இரவுக்கு நாற்பது பக்கம் கொடுக்கலாம்.

நடைப்பயணத்தின் விலையையும் கேம் உன்னிடமிருந்து மறைக்கும். மலை தாண்டிய படை, புறப்பட்ட எண்ணிக்கையிலேயே மறுபக்கம் போய் நிற்கும். ஹனிபால் ரோன் ஆற்றைத் தாண்டியபோது அவனிடம் 38,000 காலாட்களும் 8,000-க்கு மேல் குதிரை வீரர்களும் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதுகிறார். இத்தாலியில் இறங்கியபோது மிச்சம் 20,000 காலாட்கள், 6,000 குதிரை வீரர்கள். இந்த இரண்டாவது கணக்கை ஹனிபாலே லாசினியம் என்ற இடத்தில் ஒரு வெண்கலப் பட்டயத்தில் பொறித்து வைத்திருந்தான். அதைத் தாம் கண்ணால் பார்த்ததாகவும் போலிபியஸ் சொல்கிறார். பெரும்போர் ஒன்றும் நடப்பதற்கு முன்பே போன உயிர்கள் இவை. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளைப் பனி வரைந்த ஒரு கட்டம்.

பட்டன்களையும் கவனி. யானைப்படை வைத்து ஆடியிருப்பதால் உனக்குத் தெரிந்திருக்கும்: யானைகள் மிரண்டு சொந்தப் படையையே மிதிக்கத் தொடங்கினால் அவற்றைக் கொல்ல ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மிருகம் சாய்கிறது, நீ அடுத்த வேலைக்குப் போகிறாய். இது கேம்காரர்கள் சும்மா கட்டிவிட்டதல்ல. மெட்டாரஸில் எதிரிகள் கொன்றதைவிடப் பாகன்கள் கொன்ற யானைகளே அதிகம் என்கிறார் லிவி. ஒவ்வொரு பாகனிடமும் ஒரு தச்சு உளியும் கொட்டாப்புளியும் இருந்தன. காதுகளுக்கு நடுவே, தலையும் கழுத்தும் சேரும் பொருத்தில் உளியை வைத்து, பலம்கொண்ட மட்டும் ஓங்கி ஓர் அடி. இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தவன் ஹஸ்த்ருபால்தான் என்றும் சொல்லப்பட்டது.

யானை வளர்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாகன் தினமும் அதே கழுத்தில் உட்கார்ந்து வந்தவன். உளி எங்கே இருந்தது, மடியிலா, அம்பாரிக் கயிற்றிலா? பயிற்சியில் அந்தப் பொருத்தை எப்படிக் காட்டிக்கொடுத்தார்கள்? எந்தக் கணத்தில் அவன் முடிவு செய்தான்? நீ கேமில் அமுக்கிய ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் இப்படி ஓர் ஆள் இருக்கிறான். அவர்களில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தாலே உன் கதைக்குப் போதும்.

கஜானாவும் அப்படித்தான். கேமில் கையிருப்பு மைனஸில் போனால் புதுப் படை சேர்க்க முடியாது, கட்டடம் எழுப்ப முடியாது. இருக்கிற சிப்பாய் முணுமுணுக்காமல் நிற்பான். நிஜமான கார்த்தேஜ் கி.மு. 241-இல் ரோமிடம் முதல் போரில் தோற்றபோது கஜானா காலி, ரோமுக்குக் கட்ட வேண்டிய தண்டமோ பெரிய தொகை. சிசிலியில் சண்டை போட்ட கூலிப்படைக்குச் சம்பள பாக்கி. அங்கிருந்த தளபதி கிஸ்கோ விவரமானவன்; ஒரே கும்பலாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேற்றினான். வந்தவர்களுக்குக் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டால், அடுத்த கும்பல் வந்து சேரும்போது பிரச்சினை இராது.

கார்த்தேஜில் இருந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். எல்லோரும் வந்து சேரட்டும், பேரம் பேசிச் சம்பளத்தைக் குறைக்கலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். கும்பல் பெருத்து ஊரில் தொல்லை அதிகமானதும், தலைக்கு ஒரு பொற்காசு கொடுத்து, மனைவி மக்கள் மூட்டை முடிச்சோடு சிக்கா என்ற ஊருக்கு அனுப்பினார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்த சிப்பாய்கள் தங்களுக்கு வர வேண்டியதை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஐபீரியர், கெல்ட்டுகள், லிகூரியர், லிபியர் என்று ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத கூட்டம்; கல்லால் அடி என்ற கூச்சல் மட்டும் எல்லோருக்கும் புரிந்ததாம். மூன்று வருடத்துக்கு மேல் நடந்த அந்தக் கலகம் கார்த்தேஜை அழிவின் விளிம்புக்கே கொண்டுபோனது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1862-இல் வெளியிட்ட ‘சலாம்போ’ நாவலுக்கு இதுதான் களம். புகழ்பெற்ற ஹனிபாலை விட்டுவிட்டு, சம்பள பாக்கியில் பிறந்த ஒரு சண்டையை அவர் எடுத்துக்கொண்டார். 1858-இல் துனிஸ் பக்கம் நேரில் போய் இடத்தைப் பார்த்தும் வந்தார்.

இனி சில எச்சரிக்கைகள். கேம் சொல்வதையெல்லாம் சரித்திரம் என்று நம்பிவிடாதே. அதில் வரும் எகிப்தியப் படை, ரதமும் பாரோ மன்னர்கள் காலத்து உடையுமாகக் கண்ணுக்கு அழகாக இருக்கும். கி.மு. 270-இல் எகிப்தை ஆண்டது மாசிடோனிய வம்சத்து இரண்டாம் டாலமி. அவன் படையின் முதுகெலும்பு நீண்ட ஈட்டி ஏந்திய மாசிடோனிய பாணிக் காலாட்கள். ரோமானியப் படையமைப்பை மாற்றிய மேரியஸ் சீர்திருத்தமும் அப்படித்தான். கேமில் இத்தாலிய நகரம் ஒன்றில் மிகப் பெரிய அரண்மனையைக் கட்டி முடித்தால் அது வந்துவிடும், நூறு வருடம் முன்னதாகக்கூட. மேரியஸ் என்ற மனிதர் முதன்முதலில் கான்சலானது கி.மு. 107-இல்.

இன்னொரு பள்ளம் நம் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் சரித்திரக் கதை என்றதும் பேனா தானாகவே மகாராஜா, அந்தப்புரம், பட்டத்து இளவரசன் என்று எழுதத் தொடங்கிவிடும். நீ எழுதும் காலத்தில் ரோமுக்கும் ராஜா கிடையாது, கார்த்தேஜுக்கும் கிடையாது. ரோமில் வருடத்துக்கு இரண்டு கான்சல்கள். கார்த்தேஜில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சுஃபேத்துகளும் ஒரு பெரிய சபையும். கார்த்தேஜின் தளபதி எதிரிக்குப் பயந்ததைவிடச் சில சமயம் தன் ஊருக்கு அதிகம் பயந்தான். சிசிலியில் உள்ள மெஸானாவின் கோட்டையை விட்டுக்கொடுத்த தளபதியை அவன் ஊராரே சிலுவையில் அறைந்தார்கள். கேமில் உன் தளபதியைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. கதையில் ஆள் வை.

ஹனிபாலையும் அவசரப்பட்டு அழைத்துவராதே. அவன் பிறந்தது கி.மு. 247-இல். உன் ஆட்டத்தில் அதற்கு முன்பே ரோம் விழுந்திருந்தால், அவன் அப்பா ஹமில்கார் சிசிலியில் போராட வேண்டியிருக்காது, மகனை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போகவும் காரணம் இருக்காது. சரித்திரம் கிளை பிரிந்த இடத்தைத் தெளிவாகக் குறித்துக்கொள். அதற்கு முன்னால் நூல்கள் சொல்வதை மீறாதே; அதற்குப் பின்னால் கேம் உனக்குப் பிறப்பித்துக் கொடுத்த ஆட்களை வைத்து எழுது. நகரத்திலேயே சும்மா உட்கார வைத்த தளபதிக்குக் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பாய் அல்லவா? திரையில் அது ஒரு சின்னக் குறிப்பு. ஒரு வீரன் ஏன் குடிகாரனானான் என்பது மூன்று அத்தியாயத்துக்குத் தாங்கும்.

குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு பெரிதாகக் கட்டுவதற்கு நம் பக்கத்து முன்மாதிரி கல்கி. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றி அவருக்குக் கிடைத்த முக்கியமான சான்று உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைகாரர்களின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. ரவிதாசன் முதலானோரின் பெயர் அதில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. அந்த ‘ஏன்’ இருக்கவேண்டிய இடத்தில் கல்கி நந்தினி என்ற பாத்திரத்தைப் படைத்தார். கல்வெட்டில் உள்ள பெயரை அழிக்கவில்லை. இல்லாத காரணத்தை மட்டும் சேர்த்தார். உன் சேவ் ஃபைலையும் கல்வெட்டு மாதிரி நடத்து. நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும்.

அதனால் ஒரு கண்டிப்பான விதி: தோற்றால் ரீலோட் செய்யாதே. உன் சிறந்த தளபதி ஒரு கேவலமான சில்லறைச் சண்டையில் செத்தால் சாகட்டும். நீ திட்டமிட்ட கதை அங்கே உடையும். அவன் இடத்துக்கு யார் வருவது, அவன் மகன் என்ன செய்வான், நட்பு நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்று புதிய கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்.

வேலையை இப்படித் தொடங்கு. ஆடும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு டர்னுக்கும் இரண்டு வரி: நடந்தது ஒன்று, அதை நம்பவைக்கும் காரணம் ஒன்று. இருபது டர்ன் ஆனதும் நிறுத்து. போலிபியஸின் முதல் மூன்று பாகங்களும் லிவியின் இருபத்தொன்றாம் பாகத்திலிருந்து சில பாகங்களும் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. படித்து, உன் நோட்டில் பொருந்தாததை அடித்துத் திருத்து. பிறகு நீ ஜெயித்த பெரிய போரை ஒதுக்கி வைத்துவிட்டு, தோற்ற ஒன்றை எடுத்து, தோற்ற படையில் அதிகாரம் குறைந்த ஓர் ஆளின் பார்வையில் முதல் அத்தியாயத்தை எழுது. பத்துப் பக்கம் போதும். கடைசியில் அரைப் பக்கத்தில், இதில் எது சரித்திரம், எது கேமில் நடந்தது, எது உன் கற்பனை என்று பிரித்து எழுதிச் சேர். தீபாவளி விடுமுறைக்குள் முடித்து அனுப்பு. அடுத்த அத்தியாயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்