வைக்கோலும் கடதாசி ஆலையும்

சூடடித்து முடிந்ததும் வைக்கோலைக் கமக்காரர் சிலர் வயலிலேயே எரித்துவிடுவர்; சிலர் மாடுகளுக்கு இடுவர்; சிலர் விற்றுவிடுவர். விற்கப்படும் வைக்கோல் கடதாசிக்கும் மட்டைக்கும் மூலப்பொருளாகக் கூடியது. மரவளம் குறைந்த ஆசிய நாடுகள் பல இதனை நம்பியே கடதாசி செய்துள்ளன. இலங்கையில் 1956 ஆம் ஆண்டு தொடங்கிய வாழைச்சேனை ஆலையும், பின்னர் எம்பிலிப்பிட்டியில் எழுந்த ஆலையும் நெல் வைக்கோலைப் பயன்படுத்தின. வயலுக்கும் ஆலைக்கும் உள்ள இத்தொடர்பில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. நட்டமே எளிதிற் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வைக்கோலில் கடதாசிக்கு உதவுவது செலுலோசு என்னும் நார் மட்டுமே. அந்நாரை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் இலிக்னின் என்னும் பொருளைக் கரைத்தகற்றும் பொருட்டு, நறுக்கிய வைக்கோல் எரிசோடாக் கரைசலில் அவிக்கப்படும். வெள்ளைக் கடதாசிக்குரிய கூழ் ஒரு தொன் பெறுவதற்கு இரண்டு முதல் இரண்டரைத் தொன் வரை வைக்கோல் வேண்டும். எனவே, ஆலைக்குச் சென்ற வைக்கோலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கடதாசியாவதில்லை. அது எரிசோடாவுடன் கலந்து, கருந்திரவம் எனப்படும் கழிவுநீராக வெளிவருகின்றது.

மரத்தை அவிக்கும் பேராலைகளில் இக்கருந்திரவம் வீணாவதில்லை. அது வற்றக் காய்ச்சப்பட்டு, உலையில் எரிக்கப்படும். எரியும் வெப்பத்தினால் ஆலைக்கு நீராவி கிடைக்கும். எஞ்சும் சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்து எரிசோடா மீட்கப்படும். வைக்கோல் ஆலையில் இம்முறைக்குத் தடையாக நிற்பது சிலிக்கா ஆகும். நெற்பயிர் மண்ணிலிருந்து மிகுதியாக உறிஞ்சும் பொருள் இது. தண்டுக்கு உறுதி தந்து, எரிபந்த நோயை எதிர்க்க உதவுவதும் இதுவே. வயலிற் காவலனாயிருந்த இப்பொருள் ஆலையிற் பகைவனாகின்றது. எரிசோடாவிற் கரைந்த சிலிக்கா கருந்திரவத்தைப் பாகுபோலத் தடிக்கச் செய்யும். காய்ச்சும் குழாய்களின் உட்புறத்தே கல்லாகப் படியும். சுண்ணாம்பையும் மீண்டும் பயன்படாதவாறு கெடுத்துவிடும். சிலிக்காவைப் பிரித்தெடுக்கும் செலவைத் தாங்க இயலாத சிற்றாலைகள் பலவும் கருந்திரவத்தை அயலிலுள்ள ஆற்றிலோ களப்பிலோ விட்டன.

அவ்வாறு விடப்பட்ட நீரின் கருமை சூரிய ஒளியை மறைக்கும். அதிலுள்ள சேதனப் பொருள் அழுகும்போது நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் மடியும். சீனாவில் ஹுவாய் ஆற்று வடிநிலம் இத்தகைய கழிவுகளாற் பெரிதும் கெட்டமையால், ஆண்டொன்றுக்கு 5,000 தொன்னுக்குக் குறைவாகக் கூழ் செய்யும் ஆலைகளை மூடுமாறு 1996 ஆம் ஆண்டில் அரசாங்கம் கட்டளையிட்டது. இந்நீரை வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுவது பெருந்தவறாகும். எரிசோடாவிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். ஈரத்திற் சேறாக வழுக்கும் மண், காய்ந்தபின் கல்போல இறுகி, நீரையும் வேரையும் உட்புகவிடாது தடுக்கும். எரிசோடாவுக்குப் பதிலாகப் பொற்றாசியம் அல்லது அமோனியா சார்ந்த சேர்வைகளால் வைக்கோலை அவித்து, கழிவைப் பசளையாக வயலுக்கே திருப்பும் முறைகளும் ஆராயப்பட்டுள்ளன. அவை பொது வழக்கிற்கு வரவில்லை.

இனி வயல் இழப்பது யாதெனக் காண்போம். நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்தில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு வரை முற்றிய பயிரின் வைக்கோலிலேயே தங்கிவிடுகின்றது. நெல்மணியிற் சேர்வது சிறு பங்கே. உலர்ந்த வைக்கோல் ஒரு மெற்றிக் தொன்னில் நைதரசன் 5 முதல் 8 கிலோகிராமும், பொற்றாசு 14 முதல் 20 கிலோகிராமும் அடங்கியுள்ளன. ஓர் ஏக்கரில் ஒன்றரைத் தொன் வைக்கோல் கிடைக்குமாயின், அதனுடன் வயலைவிட்டு நீங்கும் பொற்றாசு 21 முதல் 30 கிலோகிராம் ஆகும். அதனை ஈடுசெய்ய, நூற்றுக்கு 60 பங்கு பொற்றாசு கொண்ட மியூறியேற்றுப் பொற்றாசு 35 முதல் 50 கிலோகிராம் வேண்டும். நைதரசனை ஈடுசெய்ய யூரியா 16 முதல் 26 கிலோகிராம் வேண்டும். வைக்கோலுக்கு விலை பேசுமுன் இப்பசளைகளின் அன்றைய விலையைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வாங்குபவர் தரும் தொகை அதற்குக் குறைவாயின், கமக்காரர் வைக்கோலை மட்டுமன்றித் தம் வயலின் உரத்தையும் சேர்த்தே விற்றவராவர்.

எரிப்பதும் சிக்கனமன்று. எரியும்போது நைதரசன் ஏறக்குறைய முழுவதும், பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கும் இழக்கப்படும். எஞ்சிய சாம்பலையும் காற்றும் மழையும் கொண்டுபோகும்.

வைக்கோலை வயலுக்கே திருப்ப விரும்புவோர், சூடடித்த இடத்திற் குவியலாக விட்டுவிடாது, வயலெங்கும் சீராகப் பரப்புதல் வேண்டும். வைக்கோலிலுள்ள பொற்றாசியம் மழைநீரில் எளிதிற் கரைவதாதலால், குவியல் கிடந்த இடத்தில் மட்டும் பயிர் தழைத்து, மற்றைய இடங்களில் மெலிந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். விதைப்புக்கோ நடுகைக்கோ இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே உழுது புதைத்தல் நன்று. பிந்திப் புதைத்தால் வைக்கோலை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைக் கவர்ந்துகொள்ள, இளம்பயிர் மஞ்சளிக்கும். நோய் கண்ட வயலின் வைக்கோலைச் சாணத்துடன் அடுக்கிக் கூட்டெருவாக்கிய பின்னரே இடுதல் வேண்டும்.

மிளகாய், கத்தரி முதலியன செய்வோர் வைக்கோலைப் பாத்திகளின்மேற் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். அது உக்கியபின் பொற்றாசு அந்நிலத்திற்கே சேரும்.

விற்றே தீரவேண்டிய நிலையிலுள்ளோர் கதிரைச் சற்று உயர்த்தி அறுத்து, நீண்ட அடித்தாளை வயலில் விடலாம். அடித்தாளில் உள்ள பொற்றாசு அவ்வளவும் வயலுக்கே மிஞ்சும்; விற்றுப்போன பங்கிற்கு மாத்திரம் அடுத்த போகத்திற் பசளை கூட்டியிட்டாற் போதுமானது.