கேமராவிலிருந்து கம்ப்யூட்டர் தாளுக்கு



புராஜெக்ட் ரிப்போர்ட் காலம் வந்துவிட்டால் ஹாஸ்டலில் ஒரே கேள்விதான்: "டேய், போட்டோவை எப்படிடா ரிப்போர்ட்டுல ஏத்துறது?" சிவில் மூன்றாமாண்டு மாணவன் என்ற முறையில் நான் கற்றதை இங்கே சொல்கிறேன்.

டிஜிட்டல் கேமரா பிறந்தது 1975-ல். கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கினார். படத்துக்கு மொத்தம் 10,000 புள்ளிகள்தான். அதைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆனது. இன்று நம் கைபேசியிலேயே 12 மெகாபிக்சல், அதாவது 4000 × 3000 = 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். கணக்குப்படி 36 எம்.பி. வரவேண்டும். ஜேபெக் முறை (1992-ல் தரநிலையானது) கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்து, சில எம்.பி.க்குள் அடக்கிவிடுகிறது.

செய்முறை

1. யு.எஸ்.பி. வயரைச் செருகியதும் கைபேசியில் 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும்தான் ஏறும்.

2. 'டி.சி.ஐ.எம்.' போல்டரைத் திறந்து படங்களைக் 'காப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே கைபேசியில் அழிக்கலாம்.

3. வேர்டில் இன்சர்ட், பிக்சர்ஸ் வழியாகச் செருகுங்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் அளவு ஒரே சீராக மாறும். பக்கவாட்டில் இழுத்தால் பெரிய கோயில் விமானமும் குட்டையாகிவிடும்!

4. படம் பக்கம் விட்டுப் பக்கம் ஓடுகிறதா? 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' கொடுங்கள், நின்றுவிடும்.

5. ஏ4 தாளில் மார்ஜின் போக அகலம் சுமார் 6 அங்குலம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 6 × 300 = 1800. எனவே 4000 புள்ளி அகலப் படத்தை 1800-க்குக் குறைத்துச் செருகினால் பைல் கனக்காது. ஒரிஜினலைத் தொடாதீர்கள், நகலில் குறையுங்கள்.

படம் பேச வேண்டும்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நான்கு பக்கமும் மதகுகள் உண்டு. தலைப்பு இல்லாமல் ஒட்டினால் எது எந்த ஆறு என்று எக்ஸாமினருக்கு எப்படித் தெரியும்? படத்தில் அளவுகோல் ஒன்று நிற்கட்டும். கீழே இடம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள்.

இது மார்க்குக்காக மட்டும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை நாம் அறிவோம். கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால், "தம்பி, நம்ம வயலையும் சேர்த்து ஒரு மனு அடிச்சுக் குடுப்பா" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். கையில் இருப்பதோ வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம்!

கேமரா, படத்தோடு சேர்த்து எடுத்த நாள், நேரம், ஜி.பி.எஸ். போட்டிருந்தால் இடம் ஆகியவற்றையும் பைலுக்குள் பதிகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு அந்தக் குறிப்பும் போய்விடும். பிறகு, "இது எந்த வருஷத்து வெள்ளம்?" என்று கேட்டால் பதில் ஏது? ஆகவே வயர் மூலம் எடுங்கள். முடியாவிட்டால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீரில் ஒரு குச்சியை அளவு குறித்து நட்டு எடுத்தால் ஆழமும் தெரியும். படத்தின் கீழ் ஊர், சர்வே எண், தேதி சேருங்கள். முடிந்ததும் பி.டி.எப். ஆக்கினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் படம் இடம் மாறாது.

நண்பர்களே, நாம் படிக்கும் படிப்புக்குச் செலவழித்தது பெரும்பாலும் இந்த வயல்தான். அந்த வயலுக்காக அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காருவது பெரிய வேலையா என்ன? இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்!