வசாபிப் பயிரும் அசல் சரக்கின் மதிப்பும்

கடுகை முழுதாக வாயிலிட்டால் காரம் உடனே தெரிவதில்லை. அம்மியில் நீர் தெளித்து அரைத்தால் நெடி மூக்கில் ஏறுகிறது. இது யாவரும் அறிந்ததே. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த வசாபி என்னும் ஜப்பானியச் செடியின் காரமும் இத்தன்மையதே. அதன் பருத்த தண்டைத் துருவும்போது திசுக்கள் சிதைந்து, உள்ளிருக்கும் இரு பொருள்கள் ஒன்றுகூடிக் காரம் பிறக்கிறது. கடுகின் காரப்பொருளே இதிலும் முதன்மையானது. துருவிய சில நிமிடங்களில் மணம் உச்சம் பெற்று, கால் மணி நேரத்திற்குள் பெரிதும் குன்றிவிடும். ஆகவே ஜப்பானியர் உண்ணும் வேளையில், சுறாத்தோல் பதித்த பலகையில் தேய்த்து, பச்சை மீனுடன் சேர்த்துக்கொள்கின்றனர்.

அசலும் மாற்றும்

உலகெங்கும் வசாபி என்ற பெயரில் விற்கப்படும் பச்சை விழுதில் பெரும்பகுதி வசாபி அன்று. ஹார்ஸ்ராடிஷ் என்னும் வெண்ணிற ஐரோப்பிய வேரை அரைத்து, கடுகும் மாவுப் பொருளும் பச்சைச் சாயமும் கலந்து அதைத் தயாரிக்கின்றனர். அவ்வேரும் கடுகுக் குடும்பத்தினதே, உண்பதால் கேடில்லை. ஆயினும் அசலின் மெல்லிய மணமும் இன்சுவையும் அதில் இல்லை. மலிவான சரக்கு விற்பது குற்றமாகாது. பிறிதொன்றின் பெயரால் விற்பதே குற்றம்.

பயிரிடும் முறை

அசல் ஏன் அருமையாகிறது? அதன் சாகுபடியைக் கண்டால் விளங்கும். ஷிஸுவோகா மாநிலத்தின் மலைக் கிராமமான உதோகியில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் இப்பயிர் தொடங்கியதென்பர். பின்னர் அம்மாநிலத்தின் இஜூ தீபகற்பத்திலும் பரவியது. நாகானோ மாநிலத்தின் அஜுமினோ சமவெளியிலும் ஊற்றுநீர்ப் பண்ணைகள் உள்ளன.

இஜூவில் மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கி வயல் அமைக்கின்றனர். அடியில் பெருங்கற்கள், அவற்றின்மேல் சிறுகற்கள், பின் சரளை, மேலே மணல் என அடுக்குகின்றனர். ஊற்றுநீர் மணலின்மீது மெல்லிய படலமாக ஓடி, ஒரு பகுதி கீழே கசிந்து, தூய்மையுற்று அடுத்த படிக்குச் செல்கிறது. நீர் ஓடுவதால் வேருக்குக் காற்று கிடைக்கிறது. வேர்கள் வெளிவிடும் காரப்பொருள் செடியின் வளர்ச்சியையே தடுக்கக்கூடியது. ஓடும் நீர் அதனையும் அகற்றிவிடுகிறது.

நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 12 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் நலம். கடும் வெயில் ஆகாது. நிழலுக்கு மரம் வளர்ப்பர், அல்லது கருந்துணி கட்டுவர். தாய்ச்செடியின் பக்கக் கன்றுகளையோ விதை நாற்றையோ நட்டு, ஒன்றரை ஆண்டு அளவில் ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்குகின்றனர். நீர் வெதுவெதுப்பானால் அழுகல் நோய் தாக்கும்.

காடும் ஊற்றும்

இப்பயிரின் உயிர்நாடி மேலேயுள்ள காடாகும். காடு மழையைத் தாங்கி நிலத்துள் இறக்கினாலன்றி ஊற்றுச் சீராகச் சுரவாது. 1958 செப்டம்பரில் இஜூவைத் தாக்கிய சூறாவளியால் கானோ ஆறு பெருக்கெடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வசாபி வயல்களும் சிதைந்தன. குடியானவர்கள் மீண்டும் கல்லடுக்கி அவற்றை உருவாக்கினர். ஷிஸுவோகாவின் இச்சாகுபடி முறையை 2018-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபாக அங்கீகரித்தது.

பெயர்ச்சீட்டின் நேர்மை

ஒன்றரை ஆண்டு உழைத்தவன் சரக்கும் சாயமிட்ட விழுதும் ஒரே பெயரில் விற்றால் உழைத்தவனுக்கு உரிய விலை எங்ஙனம் கிட்டும்? ஜப்பானில் விழுது தயாரிப்போரின் சங்கம் இதற்கு ஒரு வரையறை வகுத்துள்ளது. விழுதிலுள்ள வசாபியில் பாதியோ அதற்கு மேலோ அசலானால் 'அசல் வசாபி பயன்படுத்தியது' என்றும், பாதிக்குக் குறைந்தால் 'அசல் வசாபி சேர்ந்தது' என்றும் உறையில் குறிக்கின்றனர். வாங்குபவன் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் ஊரில் விளையுமா?

நமது சமவெளிக் கிணற்றுநீர் 25 டிகிரிக்கு மேல் வெப்பமுடையது; அதில் இப்பயிர் நிலைக்காது. அரிய பயிர், அதிக விலை என்று கேட்டவுடன் கன்றுக்குப் பணம் கொடுத்துவிடலாகாது. முதலில் நீரின் வெப்பத்தை எல்லாப் பருவத்திலும் அளந்து பார்த்தல் வேண்டும். நாம் கொள்ளத்தக்கது பயிரன்று. ஊற்றைக் காக்கும் ஒழுங்கும், சரக்கின் பெயருக்கு மாசு வராமல் காக்கும் ஒழுங்குமே.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது ஏரிக்கும் கிணறுகளுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? அந்நிலத்தின் மரங்களைக் காப்பவர் யார்?

2. நமது ஊரின் பெயர் சொல்லி விற்கப்படும் விளைபொருள் எது? அதில் கலப்படம் செய்யும் ஒருவனால் மற்றவர்க்கு நேரும் நட்டம் யாது?