தூண் எழுப்பப் போகிற தம்பிக்கு

தம்பி, எட்டு அங்குலத் தொலைநோக்கி வாங்கிவிட்டாய், தோட்டத்தில் அதற்கென்று ஒரு அறையும் கட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கூரை எப்படி நகர வேண்டும், எந்தக் கேமரா நல்லது என்று உன்னிடம் பேச நிறையப் பேர் வருவார்கள். தொலைநோக்கி உட்காரப் போகிற தூணைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைக்காது. அதை நான் சொல்கிறேன்.

1. இடத்தைப் பகலில் முடிவு செய்யாதே. சில இரவுகள் தோட்டத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார். தேனியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கம்பத்தில் இன்னும் சற்றுத் தாழ்வு. பெரியகுளம் பக்கம் மலையை ஒட்டி வீடு இருந்தால் கொடைக்கானல் மலையே அதை மறைத்துவிடும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட்டின் அச்சை அதை நோக்கி வைக்க முடியவில்லையே என்று சோர்ந்துபோகாதே. உச்சியில் ஒரு நட்சத்திரமும் கிழக்கில் ஒரு நட்சத்திரமும் எந்தப் பக்கம் விலகுகின்றன என்று பார்த்தே அச்சைச் சரிசெய்துவிடலாம். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் வானத்தை அப்போதுதான் கற்றுக்கொள்வாய். வடக்கில் போனது தெற்கில் கிடைக்கிறது. அகத்திய நட்சத்திரமும் ஒமேகா சென்டாரி கொத்தும் நமக்கு நல்ல உயரத்தில் வரும். ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே கிடையாது.

2. வீட்டில் வானம் பார்ப்பதைச் சின்ன வேலை என்று யாராவது சிரித்தால் மனம் தளராதே. சென்னை வானாய்வகமே ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் அமைத்தார். பிறகு அது கம்பெனியின் கைக்குப் போய், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்துக்குக் குடியேறியது. அங்கே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் 15 அடி உயரம், 10 டன் எடை. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். வானியல் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. அந்தக் கல் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கருவி மாறும், பார்ப்பவரும் மாறுவார். உனக்குப் பின் வருகிறவரும் பயன்படுத்தட்டும் என்று நினைத்துக் கட்டு.

3. மண்ணை மதி. நம் கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்கு வயல் மண் மாறும். செம்மண், சரளை என்றால் கவலை குறைவு. கரிசல் கலந்த மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். தூணும் அதோடு சேர்ந்து அசையும். அப்படிப்பட்ட இடத்தில் கெட்டி மண் வரும்வரை தோண்டு. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று கான்கிரீட் போட்டால் அதுவே 1.8 டன் வரும். நிலத்தை அதிர வைக்கும் போர்வெல் மோட்டாரும் குமுளி ரோட்டு லாரியும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்றும் பார்த்துக்கொள். அஸ்திவார வேலை முதலில் சரியாக வராவிட்டாலும் விட்டுவிடாதே. பெரியாறு அணை கட்டியபோது ஆரம்பத்தில் போட்டதையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் விடவில்லை, 1895-இல் தண்ணீர் நம் பக்கம் திரும்பியது. நீ குடிக்கும் திராட்சை ரசத்தில் அந்தத் தண்ணீரோடு அந்தப் பிடிவாதமும் இருக்கிறது.

4. உயரத்துக்கு ஆசைப்படாதே. தூணின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 16 மடங்கு கூடும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மீட்டர் உயரத் தூணின் தலை 5 மைக்ரான் சாய்ந்தால், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு, பார்வை ஒரு விகலை (ஆர்க் செகண்ட்) விலகிவிடும். வியாழனே 40 விகலை அகலம்தான். உன் கருவிக்கு ஒரு அடி விட்டம் போதும். மவுண்ட்டை முதலில் வாங்கி, அளந்து, பிறகு தூணைக் கட்டு. நம் ஊரில் அச்சு 10 டிகிரிதான் நிமிர்வதால் எதிர் எடைக் கம்பி சில மவுண்ட்டுகளில் தூணில் இடிக்கும்.

5. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: தூண் தரையைத் தொடக் கூடாது. சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விடு. அறையின் தரை வேறு, தூணின் அஸ்திவாரம் வேறு. போடியில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கடைசி நாளில் அவர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், கொத்தனார் நல்ல மனதோடு, “சந்துல எலி போகும் சார்” என்று கலவை போட்டு வழுவழுவென்று பூசிவிட்டார். அன்று இரவு யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே சனிக்கோள் துள்ளியது. உளி வைத்து அந்தப் பூச்சைக் கொத்தி எடுக்கப் பெரும்பாடு. கொத்தனார்மேல் அவர் கோபப்படவில்லை. கூப்பிட்டுச் சனியின் வளையத்தைக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுத் தானே உளியை வாங்கிக்கொண்டார். வேலை செய்கிறவரிடம் ‘எப்படி’ என்று மட்டும் சொல்லாதே, ‘ஏன்’ என்பதையும் சொல்.

6. சிமெண்ட் ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. கலவை இளகலாக வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் வலு போகும். கம்பியால் குத்திக் குத்தி இறக்கச் சொல். வயர் போக ஒரு பைப்பை முன்பே புதைத்துவிடு. பிறகு சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று. முழு வலு வர 28 நாள் ஆகும். பதறாத காரியம் சிதறாது. புதுத் தொலைநோக்கி பெட்டிக்குள் இருக்க, ஈரச் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்கு மேகம் கலையும்வரை காத்திருக்கவும் தெரியும்.

7. போல்ட்டுகளைப் பிளைவுட் அச்சில் கோத்து, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நிறுத்து. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் குறைவாகவே இருக்கட்டும். மேல்தட்டு நீளமான போல்ட்டுகளின்மேல் நின்றால் கீழே போட்ட கனமெல்லாம் வீண். ரசமட்டத்தோடு மல்லுக்கட்டாதே. தூண் ஒரு நூல் சாய்ந்தாலும் மவுண்ட்டில் திருத்திக்கொள்ளலாம்.

8. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊருக்கு வெறும் பழமொழி இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தாலே புரியும். சுவரைக் கொஞ்சம் உயர்த்து, நகரும் கூரைக்குக் கொக்கி வை. கூரையின் கனமோ சுவரின் கனமோ தூணில் ஏறவே கூடாது.

9. கட்டியதும் நாலு பேரைக் கூப்பிடு. பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கும் பிள்ளைகளுக்கும் நிலாவைக் காட்டு. அவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள், படம் ஆடும். அப்போது முகம் சுளிக்காதே. நிற்க ஒரு முக்காலி போட்டுக் கொடு.

10. நமக்குத் தை முதல் சித்திரைவரைதான் நல்ல வானம். ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே கான்கிரீட்டை முடித்துவிடு. சாக்குக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்பு, நான் வந்து ஊற்றுகிறேன்.