முல்லையா, ஜாதிமல்லியா? இலையைப் பார்த்து நடுக

பூச்செடி பயிரிட விரும்பும் சிறு விவசாயிகள் பலரும் கன்று வாங்குமிடத்திலேயே ஏமாந்து விடுகின்றனர். முல்லையும் ஜாதிமல்லியும் மல்லிகை இனத்தின் உடன்பிறப்புகள். ஜாதிமல்லியைத் தென்மாவட்டங்களில் பிச்சி என்பர். பூ இல்லாத பருவத்தில் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது சரியன்று; இலையைப் பார்த்து வாங்க வேண்டும்.

முல்லையின் இலை பார்வைக்குத் தனியிலை போலத் தோன்றும். அடியில் காது மடல் போல இரு சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். அதன் தாவரவியல் பெயரான 'ஆரிகுலேட்டம்' இந்தக் காதைக் குறிப்பதே. ஜாதிமல்லியிலோ ஒரே காம்பின் இருபுறமும் பல சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அதன் மொக்கின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். மொக்கு வந்தபின் குழப்பமில்லை. ஆனால் அதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும்.

இடைவெளியும் வேறு. முல்லைக்குச் செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர் போதும். ஏக்கருக்குச் சுமார் 1,800 செடிகள் பிடிக்கும். ஜாதிமல்லி நன்கு படரும். அதற்கு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் விட்டு, சுமார் 1,350 செடிகள் நட்டால் போதுமானது.

கவாத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகின்றனர். புதிதாக வரும் தளிர்களில்தான் மொக்கு கட்டும். ஆகவே கவாத்தைத் தள்ளிப்போட்டால் பூப்பும் தள்ளிப்போகும். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். இரண்டையும் வைத்திருப்போர் ஆள் கிடைத்த நாளில் ஒன்றாகவே வெட்டிவிடுகின்றனர். இது கூடாது. வெட்டியபின் செடிக்கு 10 கிலோ தொழுஉரம் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

மாலைச் சந்தைக்கு இரண்டையும் விடியுமுன் மொக்காகவே பறிக்க வேண்டும். வாசனை மெழுகு எடுக்கும் ஆலை பக்கத்தில் இருந்தால் ஜாதிமல்லி நல்லது. மலர்ந்த பூவைக் காலையிலேயே பறித்து வாடாமல் சேர்க்க வேண்டும். எதுவாயினும் ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான பூக்கள் வேண்டும். வீட்டார் பறிக்கக்கூடிய அளவுக்கு மேல் நடுவது கூலிக்கே போய்விடும்.

முல்லையில் பூக்கள் பச்சை இலைக்கொத்தாக மாறும் நோய் ஒன்று உண்டு. அத்தகைய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் அதிலிருந்து நடவுக்குக் குச்சி எடுக்கக் கூடாது.